வால் மட்டும் விழும் படங்கள்: வேலூர் மலைகளில் கீரி, அணில், மூங்கில் அணத்தானைப் படமெடுக்க ஒரு வழிகாட்டி

முதல் வருடம் நான் எடுத்ததெல்லாம் வால்கள்தான். ஜவ்வாது மலையில் கீரி வால், பாலமதியில் அணில் வால், ஏலகிரியில் புதருக்குள் பாயும் முயலின் பின்புறம். நரி முகத்தில் விழித்தால் அதிர்ஷ்டம் என்பார்கள். எனக்குக் கீரி முகம் ஒன்று கிடைத்தால் போதும் என்றிருந்தது.

ஷட்டர் வேகம், அதாவது ஒளியை உள்ளே விடும் கதவு திறந்து மூடும் வேகம், போதவில்லை என்று நினைத்தேன். அப்புறம் லென்ஸ் போதவில்லை என்று நினைத்து, கடன் வாங்கிப் பெரிய லென்ஸ் வாங்கினேன். வால் இன்னும் தெளிவாக விழுந்தது, அவ்வளவுதான். கடைசியில் ஜமுனாமரத்தூர் பக்கம் ஒரு டீக்கடையில், மலையிலேயே பிறந்து வளர்ந்த பெரியவர் ஒருவர் என் கேமராத் திரையை எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "தம்பி, அது ஓடறத பார்த்துனு இருந்தா இப்படித்தான். அது எந்தக் கல்லுல நிக்குதுன்னு பாரு" என்றார்.

இந்த வழிகாட்டி முழுக்க அவர் சொன்ன அந்த ஒரு விஷயம்தான். சின்னப் பிராணிகள் ஓடிக்கொண்டே இருப்பதில்லை. ஓடும், சட்டென்று நிற்கும், பார்க்கும், மறுபடி ஓடும். நாம் எடுக்க வேண்டியது நடுவில் வருகிற அந்த நிறுத்தத்தை.

யாரைத் தேடிப் போகிறோம்

நம் பக்கத்து மலைகள் கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்தவை. பாறை, முட்புதர், இலையுதிர் காடு. யானை, புலி என்று கனவு காண்பவர்களுக்கு இந்த மலைகள் சலிப்பாக இருக்கலாம். சின்னப் பிராணி தேடுபவனுக்கு இதைவிட நல்ல இடம் வேண்டாம், ஏனென்றால் இங்கே பாறை நிறைய, பாறைச்சந்து அதைவிட நிறைய.

எளிதில் கிடைப்பது மூவரி அணில். அதை யாரும் மதிப்பதில்லை. ஆனால் மற்ற எல்லாவற்றுக்கும் பயிற்சிப் பள்ளி அதுதான்.

கீரியில் இரண்டு வகை. ஏரிக்கரையிலும் கொல்லைமேட்டிலும் பார்ப்பது சாம்பல் கீரி. காட்டுக்குள் பார்ப்பது பெரும்பாலும் செங்கீரி. வித்தியாசம் வால் நுனியில்: செங்கீரிக்கு நுனி கறுப்பு, நடக்கும்போது அதை மேல்நோக்கி வளைத்துத் தூக்கிக்கொள்ளும். சாம்பல் கீரிக்கு அந்தக் கறுப்பு கிடையாது. வால் படங்களாக எடுத்துத் தள்ளியதில் எனக்குக் கிடைத்த ஒரே லாபம், இதை நன்றாகப் பிரித்தறியக் கற்றுக்கொண்டதுதான்.

காட்டு முயல் பகலில் புல்லுக்குள் ஒரு பள்ளத்தில் அசையாமல் படுத்திருக்கும். தன்னை யாரும் பார்க்கவில்லை என்ற நம்பிக்கையில், கால் படும் தூரம்வரை அப்படியே கிடக்கும். அப்புறம் வெடித்தது மாதிரி ஓடும். பிடரியில் கறுப்புத் திட்டு தெரிந்தால் அதுதான்.

இந்த மலைகளின் உண்மையான பரிசு மூங்கில் அணத்தான். பார்த்தால் அணில் என்றுதான் தோன்றும். ஆனால் அது அணிலும் இல்லை, மூஞ்சூறும் இல்லை, தனி வரிசையைச் சேர்ந்த பிராணி. அதன் அறிவியல் பெயர் அனத்தானா எல்லியோட்டி. அனத்தானா என்பது நம் தமிழ்ப் பெயரிலிருந்தே எடுத்தது. எல்லியோட்டி என்பது சென்னை மாகாணத்தில் அதிகாரியாக இருந்த வால்டர் எல்லியட்டின் பெயர். தலையும் உடலும் சேர்ந்து 16 முதல் 18 சென்டிமீட்டர், வாலும் கிட்டத்தட்ட அதே நீளம், எடை 160 கிராம் அளவு. முதுகில் வரி கிடையாது, தோளில் மட்டும் ஒரு வெளிறிய கோடு. மூக்கு கூர்மை, மீசை மயிர் குட்டை. தூரத்தில் ஒரு "அணில்" மரத்தை விட்டுவிட்டுப் பாறைமேல் மூக்கை நுழைத்து நுழைத்துப் பூச்சி தேடினால், முதுகை ஒருமுறை பாருங்கள். வரி இல்லையென்றால் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்காருங்கள்.

முதலில் கோட்டைப் பூங்காவுக்குப் போங்கள்

மலைக்கு அப்புறம் போகலாம். வேலூர்க் கோட்டை அகழி ஓரத்துப் பூங்காவிலோ உங்கள் தெருவின் வேப்பமரத்தடியிலோ ஒரு வாரம், தினமும் அரை மணி நேரம் உட்காருங்கள். முதல் இரண்டு நாள் கேமராவைத் தொடாதீர்கள். ஓர் அணிலை மட்டும் பார்த்து, அது நிற்கும்போதெல்லாம் மனதுக்குள் எண்ணுங்கள்: ஒன்று, இரண்டு, மூன்று.

நான் எண்ணியதில், பெரும்பாலான நிறுத்தங்கள் இரண்டு மூன்று நொடிதான். அடிமரத்தில் தலைகீழாக நிற்கும் இடம், கிளை பிரியும் கவட்டை, தாவுவதற்கு முன் குனிந்து அளக்கும் விளிம்பு, எதையாவது தின்னும் மேடு, இந்த நாலில் ஒன்றில்தான் நிற்கும். தின்னும்போது மட்டும் நீண்ட நேரம். அணில் போகிற வழியைப் பார்த்து அடுத்து எங்கே நிற்கும் என்று பத்துக்கு ஆறு முறையாவது சொல்ல வந்த பிறகு கேமராவை எடுங்கள்.

கோட்டை தொல்லியல் துறையின் காப்பில் இருக்கிறது, அங்கே ட்ரைபாடை விரித்தால் அனுமதி எங்கே என்று கேட்பார்கள். கையில் பிடித்தே பழகுங்கள். எப்படியும் மலையில் உங்களுக்கு ட்ரைபாட் அதிகம் பயன்படாது.

இடம், அனுமதி

பழைய வட ஆற்காடு இப்போது பல மாவட்டம். ஜமுனாமரத்தூர் திருவண்ணாமலையில், ஏலகிரி திருப்பத்தூரில், அமிர்தி வேலூரில். மலைக்கு இந்தக் கோடெல்லாம் தெரியாது, வனத்துறைக்குத் தெரியும். நீங்கள் போகும் இடம் எந்த வனச்சரகம் என்று முதலில் விசாரியுங்கள். காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவது குற்றம். மாவட்ட வன அலுவலருக்கு முன்கூட்டியே எழுத்தில் கேட்பதுதான் முறை. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் நடந்த காட்டுத்தீக்குப் பிறகு மலையேற்றத்துக்கென்று தனி விதிகளே வந்துவிட்டன. கோடையில் தீ அபாயத்தால் பாதைகளை மூடிவிடுவதும் உண்டு.

என் அனுபவத்தில், அனுமதி கேட்டு அலைவதைவிடப் புத்திசாலித்தனமான வழி ஒன்று இருக்கிறது. காட்டுக்குள் போகாதீர்கள், காட்டின் ஓரத்துக்குப் போங்கள். ஆலங்காயத்திலிருந்து காவலூர் வழியாக ஜமுனாமரத்தூர் ஏறும் சாலையோரப் பாறைகள், மலைக்கிராமங்களின் சாமை வயல் வரப்புகள், பாலமதி ஏறும் வழி, வள்ளிமலைப் படிக்கட்டின் இரு பக்கம், ஏலகிரியின் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டிய தோப்புகள். சின்னப் பிராணிகளுக்கு ஓரம்தான் பிடிக்கும். பூச்சியும் விதையும் அங்கேதான் நிறைய, ஒளிய இடமும் பக்கத்திலேயே.

வயலில் உட்காரப் போகிறீர்கள் என்றால் வயல்காரரிடம் சொல்லிவிட்டு உட்காருங்கள். மலையாளிப் பழங்குடி மக்களின் ஊர்களில் விடியற்காலையில் புதர் மறைவில் பச்சைச் சட்டையோடு ஒருவன் பதுங்கியிருந்தால், முயல் வேட்டைக்கு வந்தவன் என்றுதான் நினைப்பார்கள். நினைத்தால் தப்பும் இல்லை. முந்தின நாள் மாலையே ஊருக்குள் போய் ஒரு டீ குடித்து, நாலு பேரிடம் முகத்தைக் காட்டி, எடுத்த படம் இரண்டைக் காட்டி விடுங்கள். பாதி விவரம் அங்கேயே கிடைத்துவிடும். எந்தக் கல், எந்தச் சந்து, எத்தனை மணி என்று அவர்களுக்குத் தெரிந்ததில் பத்தில் ஒரு பங்குகூட எனக்கு இன்றும் தெரியாது.

மாதமும் நேரமும்

டிசம்பர் கடைசியிலிருந்து மார்ச் தொடக்கம்வரை. மழை ஓய்ந்திருக்கும், புல் சாயத் தொடங்கியிருக்கும், பிப்ரவரியில் இலை உதிர உதிரப் பாறைகள் வெளியே தெரியும். அக்டோபர், நவம்பரில் பச்சை அழகு, ஆனால் அதற்குள் பிராணி தெரியாது. கத்திரி வெயிலில் போவது பற்றி வேலூர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நேரம், விடிந்து முதல் இரண்டரை மணி நேரம். மூங்கில் அணத்தான் விடிந்ததும் இரை தேடக் கிளம்பிவிடும், சூரியன் மறைவதற்கு முன்பே பொந்துக்குத் திரும்பிவிடும். குளிர்காலக் காலையில் கிழக்குப் பார்த்த பாறைக்குத்தான் முதல் வெயில் வரும். இரவெல்லாம் குளிரில் கிடந்த பிராணிகள் அந்தச் சூட்டுக்கு வருவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். மாலை கடைசி ஒரு மணி நேரமும் நல்லதுதான். ஆனால் இருட்டுவதற்குள் சாலைக்கு வந்துவிட வேண்டும், இங்கே கரடி உண்டு.

கருவி

க்ராப் சென்சார் (சற்றே சிறிய சென்சார்) கேமராவும் 70-300 மி.மீ. லென்ஸும் இருந்தால் இன்றே தொடங்கலாம். 100-400 அல்லது 150-600 இருந்தால் வசதி. கணக்கு இதுதான்: 17 சென்டிமீட்டர் உடல் உள்ள அணத்தானை 8 மீட்டர் தூரத்திலிருந்து 400 மி.மீ. லென்ஸில் எடுத்தால், சென்சாரில் அது எட்டரை மி.மீ. நீளம் விழும். அதாவது படத்தின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல். 300-இல் கால் பங்கு. தாராளமாகப் போதும். லென்ஸுக்குச் செலவழிப்பதா, அந்த 8 மீட்டருக்குள் பிராணி தானாக வரும்படி உட்காரக் கற்றுக்கொள்வதா என்றால், இரண்டாவதுக்குக் காசு இல்லை.

ட்ரைபாடுக்குப் பதில் தானியப் பை. பழைய ஜீன்ஸ் காலை வெட்டி இரு பக்கமும் தைத்து, உள்ளே ஒன்றரைக் கிலோ அரிசியோ பயறோ போட்டால் தயார். பாறைமேல் வைத்து லென்ஸை அதில் அழுத்தினால் அசையாது, தரைமட்டக் கோணமும் கிடைக்கும். ஒருமுறை தையல் விட்டுப் பயறு கொட்டி, நான் அதைக் கவனிக்காமல் இருக்க, அணில் ஒன்று லென்ஸுக்கு ஒரு முழம் முன்னால் வந்து தின்றுகொண்டிருந்தது. அவ்வளவு பக்கத்தில் ஃபோகஸ் ஆகாது என்பதை அன்றுதான் கற்றேன். பையை இரட்டைத் தையல் போடுங்கள்.

மங்கலான நிறச் சட்டை, தொப்பி, உட்காரத் தடித்த பாய்த்துண்டு, இரண்டு லிட்டர் தண்ணீர். வாசனைத் திரவியம் வேண்டாம். ஏலகிரியில் ஏசி அறையில் தங்கினால் கேமராவைப் பையிலேயே மூடி வையுங்கள், வெளியே எடுத்ததும் அரை மணி நேரம் பையைத் திறக்காதீர்கள். இல்லையென்றால் கண்ணாடி முழுக்க ஆவி படியும், நல்ல வெளிச்சம் அதற்குள் போய்விடும்.

கேமராவைத் தயார் செய்வது

மேனுவல் முறையில் ஷட்டரையும் அபெர்ச்சரையும் (லென்ஸின் துளை அளவு) நீங்கள் வையுங்கள், ஐஎஸ்ஓவை (சென்சாரின் ஒளி உணர்திறன்) ஆட்டோவில் விடுங்கள், உச்சவரம்பு 6400. அபெர்ச்சர் 5.6 அல்லது 6.3. 8 மீட்டரில் 400 மி.மீ. லென்ஸில் 5.6 வைத்தால், தெளிவாக விழும் ஆழம் சுமார் 9 சென்டிமீட்டர்தான். கண்ணில் ஃபோகஸ் இருந்தால் வால் மங்கினாலும் பரவாயில்லை. வாலில் ஃபோகஸ் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு என் முதல் வருடமே சாட்சி.

ஷட்டர் 1/1000 நொடி. ஏன் 1/4000 இல்லை என்று கேட்பீர்கள். 8 மீட்டர் தூரத்தில் ஒரு கீரி நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் குறுக்கே ஓடுகிறது என்று வையுங்கள். 400 மி.மீ. லென்ஸில் அதன் பிம்பம் சென்சாரில் நொடிக்கு 15 சென்டிமீட்டர் நகரும். 1/2000 வைத்தாலும் அந்த நேரத்துக்குள் 0.075 மி.மீ. நகர்ந்துவிடும். பிக்சல் ஒன்றின் அகலம் 0.004 மி.மீ. என்று கொண்டால் கிட்டத்தட்ட 19 பிக்சல் இழுபடும். 1/4000-இலும் ஒன்பது பிக்சல் இழுபடும், ஐஎஸ்ஓ ஏறிப் படம் மணல் தூவியது மாதிரி ஆகும். கேமராவையும் கூடவே சுழற்றினால் இழுப்பு குறையும், ஆனால் பாறைக்கும் புதருக்கும் நடுவில் அரை நொடி தெரிகிற பிராணியோடு சேர்ந்து சுழற்றுவது எளிதல்ல. நிற்கும் பிராணிக்கோ 1/500 போதும். மீசை துடிப்பதும் தலை திரும்புவதும் இருக்குமே, அதற்காகத்தான் 1/1000.

ஃபோகஸ் தொடர்முறையில், அதாவது பிராணி நகர நகரக் கேமரா ஃபோகஸை மாற்றிக்கொண்டே இருக்கும் முறையில். ஃபோகஸை ஷட்டர் பொத்தானிலிருந்து பிரித்துப் பின்பக்கப் பொத்தானுக்கு மாற்றுங்கள். இந்த ஒரு மாற்றம் எனக்குப் பாதிக் கவலையைத் தீர்த்தது: கல்லின்மேல் முன்பே ஃபோகஸ் செய்து விரலை எடுத்துவிட்டால், முன்னால் புல் ஆடினாலும் ஃபோகஸ் ஓடிப்போகாது. விலங்குக் கண் கண்டறியும் வசதி இருந்தால் போட்டுப் பாருங்கள். சின்ன முகம், கூர்மூக்கு என்றால் சில கேமராக்கள் தடுமாறும், அப்போது ஒற்றைப் புள்ளிக்கு மாறிவிடுங்கள்.

வெளிறிய பாறைமேல் கபில நிறக் கீரி நின்றால், கேமரா பாறையைப் பார்த்து ஏமாந்து கீரியைக் கறுப்பாக்கும். எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்சத்தை) கொஞ்சம் ஏற்றுங்கள், மூன்றில் இரண்டு ஸ்டாப் போதும். பிராணிக்குப் பின்னால் இருண்ட நிழல் இருந்தால் இதற்கு நேர்மாறு. ரா (கேமரா திருத்தாத மூலப்பதிவு) முறையில் எடுத்தால் பின்னால் சரிசெய்ய இடமிருக்கும்.

ஓசையில்லா ஷட்டர் இருந்தால் போடுங்கள், ஆனால் ஓட்டத்தை எடுக்கும்போது வேண்டாம். பல கேமராக்களில் அது சென்சாரை மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிக்கும், ஓடும் கால்கள் சாய்ந்து வளைந்து விழும்.

கல்லைத் தேர்ந்தெடுப்பது

இங்கேதான் நிதானம் வேண்டும். ஒரு முழுக் காலையைப் படமெடுக்காமல் இதற்கே கொடுங்கள்.

முதலில் தடயம். கல்லின் தலைப்பில் எச்சம் காய்ந்து கிடக்கிறதா? ஒரே இடத்தில் எச்சமிடும் பழக்கம் சிலவற்றுக்கு உண்டு, அப்படி இருந்தால் அது தினமும் ஏறும் மேடு. சீதாப்பழத்தின் மிச்சம், கடித்த விதை, வண்டின் ஓடு இருந்தால் அது சாப்பாட்டு மேசை. பாறைச்சந்தின் வாயில் சிலந்திவலை கலையாமல் இருந்தால் அந்தப் பக்கம் யாரும் வருவதில்லை. வாசல் மண் மழுமழுவென்று தேய்ந்திருந்தால் வருகிறார்கள்.

அடுத்து, வழி. சின்னப் பிராணி வெட்டவெளியை நேராகக் கடக்காது. மேலே பருந்து இருக்கிறது என்ற பயம் அதற்கு எப்போதும் உண்டு. உண்ணிச்செடிப் புதரிலிருந்து கல்லுக்கு, கல்லிலிருந்து வேருக்கு, வேரிலிருந்து சந்துக்கு என்று மறைவுக்கு மறைவு போகும். இரண்டு மறைவுக்கு நடுவே வெட்டவெளி வருகிறதே, அதைத் தாண்டுவதற்கு முன் நின்று பார்க்கும். அந்த நிற்கும் இடம் உங்கள் கல். புதருக்கு ஒரு முழம் வெளியே, முழங்கால் உயரத்துக்குக் குறைவாக, தலைப்பு தட்டையாக இருக்கும் கல்லாகப் பாருங்கள்.

அணத்தானுக்கு இன்னொரு பழக்கம். பெரும்பாலும் தரையிலும் பாறையிலும்தான் இரை தேடும். மரமேறுவது உடம்பைத் துடைத்துக்கொள்ள, அல்லது ஆபத்துக்குத் தப்பிக்க. கிளையில் ஏறி, உடம்பைத் தேய்த்தபடி வழுக்கி இறங்கும், மறுபடி ஏறும், மறுபடி வழுக்கும். அப்படி ஒரு சாய்ந்த கிளையைக் கண்டுபிடித்துவிட்டால், உங்களுக்கு மூன்று நொடி இல்லை, சில நிமிடமே கிடைக்கும். நான் இதுவரை இரண்டே முறை பார்த்திருக்கிறேன். முதல் முறை வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டே இருந்துவிட்டேன், படம் இல்லை.

கடைசியாகப் பின்புலம். கல்லுக்குப் பின்னால் பத்துப் பதினைந்து மீட்டருக்கு ஒன்றும் இல்லாமல், பள்ளத்தாக்கோ தூரத்துச் சரிவோ இருந்தால் படம் தனியாக எழுந்து நிற்கும். கல்லுக்கு ஒட்டியே புதர் இருந்தால் பிராணி அதில் கரைந்துவிடும். வெயில் உங்கள் முதுகுப்பக்கம் ஒரு தோளுக்கு மேலிருந்து வரும்படி உட்காருங்கள், அப்போதுதான் கண்ணில் ஒளிப்புள்ளி விழும். அது விழாவிட்டால் எவ்வளவு தெளிவான படமும் பாடம் செய்த பிராணி மாதிரி இருக்கும்.

உட்காருவது

வெளிச்சம் வருவதற்கு இருபது நிமிடம் முன்பே போய், கல்லிலிருந்து 7, 8 மீட்டர் தள்ளி, ஒரு மரத்தையோ பாறையையோ முதுகுக்குச் சேர்த்து உட்காருங்கள். முதுகுக்குப் பின்னால் பெரிய உருவம் இருந்தால் உங்கள் உருவம் அதில் அடங்கிவிடும். லென்ஸ் ஏற்கெனவே கல்லைப் பார்த்தபடி தானியப் பையில் கிடக்கட்டும், கை அதன்மேலேயே இருக்கட்டும். பிராணி வந்த பிறகு கேமராவைத் தூக்கினால் கதை முடிந்தது. அவை பயப்படுவது அசைவுக்கு.

நீங்கள் வந்த சலசலப்பை அந்த இடம் மறக்க அரை மணி நேரமாவது ஆகும். முதலில் தவிட்டுக்குருவிகள் உங்களைத் திட்டித் தீர்க்கும். அவை சலித்து இரை தேடப் போய்விட்டால் நல்ல அறிகுறி. மறுபடி திடீரென்று கத்தினால், உங்களைப் பார்த்து இல்லை, கீரியோ பாம்போ வருகிறது. எனக்குக் கிடைத்த கீரிகளில் பாதியை முதலில் காட்டிக்கொடுத்தவை அந்தக் குருவிகள்தான்.

செல்போனைப் பார்க்காதீர்கள். இதை அறிவுரையாகச் சொல்லவில்லை. என் ஒரே நல்ல முயல் போஸ், ஒரு வாட்ஸாப் செய்தியைப் படித்துவிட்டு நிமிர்ந்தபோது போய்க்கொண்டிருந்தது.

அந்த மூன்று நொடி

பிராணி புதர் விளிம்பில் தெரிந்ததும் விரலை அழுத்தாதீர்கள். அங்கே அது பாதி மறைவில் இருக்கும், முதல் சத்தத்துக்கே திரும்பிவிடும். கல்லின்மேல் ஏறட்டும். ஏறி நின்றதும் பின்பொத்தானால் கண்ணில் ஃபோகஸ், நாலைந்து படம், நிறுத்தம். நீளமான பர்ஸ்ட் (விரலை எடுக்காமல் தொடர்ந்து எடுப்பது) வேண்டாம். சத்தம் பழகாத பிராணி முதல் படத்துக்கே தலை திருப்பும். சில சமயம் அந்தத் திரும்பிய முகமே நல்ல படம். இரண்டாவது தடவை வரும்போது பயம் குறைந்திருக்கும், மூன்றாவது நாள் உங்களைப் பாறை என்றே எடுத்துக்கொள்ளும்.

கீரி புல்லுக்கு மேல் பார்க்கப் பின்னங்காலில் எழுந்து நிற்கும். அது நடந்து வரும்போதே கேமராவை நிறுத்துவாட்டில் திருப்பி வையுங்கள், நின்ற பிறகு திருப்ப நேரம் இருக்காது. அணில் தாவலை எடுக்க ஆசையென்றால், தாவும் முன் அது குனிந்து தலையை மேலும் கீழும் அசைத்துத் தூரம் அளக்கும் நொடிக்குக் காத்திருங்கள். அப்போது மட்டும் 1/3200-க்கு ஏற்றி, அணிலை விட்டுவிட்டு அது போய் இறங்கும் கிளையில் ஃபோகஸ் வையுங்கள். இருபதில் ஒன்று தேறினால் கொண்டாடுங்கள்.

கானல்

ஒன்பதரை மணிக்கு மேல் என் படங்களெல்லாம் தண்ணீருக்குள்ளிருந்து எடுத்தது மாதிரி குழம்பின. லென்ஸ் பழுது என்று முடிவுகட்டிச் சென்னையில் ஒரு கடையில் கொடுத்தேன். இரண்டு வாரம் வைத்திருந்து, பணம் வாங்கிக்கொண்டு, ஒரு குறையும் இல்லை என்று திருப்பிக் கொடுத்தார்கள். உண்மையிலேயே குறை இல்லை. பாறை சூடேறி அதன்மேல் காற்று நடுங்குகிறது, நடுங்கும் காற்று ஒளியை வளைக்கிறது. தார்ச்சாலையில் தெரிகிற அதே கானல்தான். காவலூரில் 1986 முதல் 2.34 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறதே, அங்கே விண்மீன் பார்ப்பவர்களுக்கும் தலைவலி இந்தக் காற்று நடுக்கம்தான். அவர்கள் இரவில் வேலை செய்கிறார்கள், நாம் விடியலில் செய்வோம். கானல் தொடங்கினால் தூரத்தைக் குறையுங்கள், அல்லது மண்தரையும் நிழலும் உள்ள இடத்துக்கு மாறுங்கள், அல்லது டிபன் சாப்பிடப் போங்கள். நான் மூன்றாவதைத்தான் செய்கிறேன்.

உடம்பு பத்திரம்

இந்த மலைப் பாறைகளில் சுருட்டை விரியன் உண்டு, அடிவாரப் புல்லில் கண்ணாடி விரியன் உண்டு. சந்துக்குள் கை விடாதீர்கள், உட்காரும் இடத்தைக் குச்சியால் தட்டிப் பாருங்கள், கணுக்காலுக்கு மேல் வரும் ஷூ போடுங்கள். கடித்தால் கட்டுப் போடுவது, கீறுவது எதுவும் வேண்டாம். அசையாமல் 108-ஐக் கூப்பிட்டு, விஷமுறிவு மருந்து உள்ள மருத்துவமனைக்குப் போவது ஒன்றுதான் வழி.

யாரும் சொல்லாதது உண்ணிக்காய்ச்சல் (ஸ்க்ரப் டைஃபஸ்). வேலூர் வட்டாரத்தில் இது புதிதல்ல. எலி முதலானவற்றின்மேல் ஒட்டும் மிகச் சிறிய உண்ணிக்குஞ்சுகள் புல்லிலும் புதரிலும் காத்திருக்கும், கடித்தால் வலிகூடத் தெரியாது. மழைக்குப் பிந்தின குளிர்மாதங்களில், அதாவது நாம் புல்லில் படுத்துக் கிடக்கும் அதே மாதங்களில், அதிகம். நேராகப் புல்லில் படுக்காதீர்கள், பாயை விரியுங்கள், முழுக்கைச் சட்டை போட்டு பேண்ட்டைக் காலுறைக்குள் செருகுங்கள், வீட்டுக்கு வந்ததும் குளித்துத் துணியைத் துவைக்கப் போடுங்கள். போய் வந்து ஒன்று இரண்டு வாரத்தில் காய்ச்சல் வந்தால், இடுப்பு, அக்குள், தொடை இடுக்கில் சிகரெட் சுட்டது மாதிரிக் கறுப்புப் புண் இருக்கிறதா பாருங்கள். இருந்தாலும் இல்லாவிட்டாலும், மருத்துவரிடம் காட்டுப் பக்கம் போனேன் என்று சொல்லிவிடுங்கள். உரிய மருந்தைச் சீக்கிரம் தொடங்கினால் குணமாகிவிடும், தாமதித்தால் உயிருக்கே ஆபத்து.

வேண்டாதவை

இரை வைக்காதீர்கள். ஏலகிரி வளைவுகளில் பிஸ்கட் பழகிய குரங்குகள் சாலைக்கு நடுவில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள், கீரியையும் அணிலையும் அந்த நிலைக்குக் கொண்டுவர வேண்டாம். பொந்துக்குள் புகை போடுவது, கல்லைப் புரட்டுவது, முயலைக் கிளப்பி ஓடவிடுவது எல்லாம் படத்துக்காகச் செய்தாலும் தொந்தரவுதான். 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் இதையெல்லாம் விளையாட்டாகப் பார்ப்பதில்லை. குட்டிகள் உள்ள பொந்து என்று தெரிந்தால் அந்தக் கல்லை அந்தப் பருவத்துக்கு விட்டுவிடுங்கள்.

வீடு திரும்பியபின்

அன்றே பாதியை அழியுங்கள். கண்ணில் ஃபோகஸ் இல்லாதது, முகம் தெரியாதது, எல்லாம் போகட்டும். மிச்சத்தில் கொஞ்சம் வெட்டி, நிழலைக் கொஞ்சம் திறந்து, நிறுத்திக்கொள்ளுங்கள். பொதுவில் போடும் முன் படத்தில் பதிந்திருக்கும் இடக்குறிப்பை நீக்குங்கள், சரியான பாறையைச் சொல்லாதீர்கள். வேட்டைக்காரர்களும் இணையம் பார்க்கிறார்கள். பார்த்த உயிரினங்களைப் பதியும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் பதிவிட்டால் இடத்தை மறைக்கும் வசதி உண்டு, அணத்தான் கிடைத்தால் அங்கே கட்டாயம் பதியுங்கள். எத்தனையோ பேர் அதை அணில் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள்.

ஒரு நோட்டுப் புத்தகமும் வையுங்கள்: தேதி, நேரம், எந்தக் கல், எந்தப் பக்கமிருந்து வந்தது, எத்தனை நொடி நின்றது. ஆறு மாதத்தில் அந்தப் புத்தகம் லென்ஸைவிட மதிப்பாகிவிடும்.

நல்ல படம் கிடைத்தால் ஒரு பிரதி போட்டு, விவரம் சொன்னவரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள். நான் முதல் அணத்தான் படத்தை அந்த டீக்கடைப் பெரியவரிடம் நீட்டினேன். கண்ணுக்கு நேராகப் பிடித்து, தள்ளிப் பிடித்து, கொஞ்ச நேரம் பார்த்தார். பிராணியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "இது மேல்கல்லு இல்லியே தம்பி, சுனைக்குக் கீழ இருக்கிற கல்லு இல்ல இது?" என்றார். அதுதான்.